கட்டமா, கமாவா, தமிழா: பெரிய எண்ணை இங்கிலீஷில் எழுத எந்த வழி கைகொடுக்கும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம் ஒரு கிராமத்தில் சாயங்கால ட்யூஷன் எடுக்கிறேன். நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருவார்கள். போன மாதம் ஒருநாள் பிள்ளைகளுக்கு நடுவே எங்கள் ஊர் மகளிர் குழுப் பொருளாளர் அக்காவும் வந்து உட்கார்ந்தார். கையில் வங்கியில் திருப்பிக் கொடுத்த பணம் எடுக்கும் ஸ்லிப். எண்ணில் 1,05,000 என்று சரியாகத்தான் இருந்தது. எழுத்தில் 'ஒன் லேக் ஃபிஃப்டி தௌசண்ட் ஒன்லி' என்று இருந்தது.

"அக்கா, இது எவ்வளவு ரூவா?" என்று கேட்டேன்.

"ஒரு லட்சத்து அஞ்சாயிரம்" என்று யோசிக்காமல் சொன்னார்.

வாய்க்குத் தெரிந்த எண் கைக்கு வரவில்லை. 45,000 ரூபாய் கூடிப்போனது கண்ணுக்கும் படவில்லை. ஸ்லிப் என்பதால் திரும்பி வந்ததோடு போயிற்று. காசோலை என்றால் விஷயம் பெரிது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18 என்ன சொல்கிறது என்றால், எண்ணில் ஒன்றும் எழுத்தில் வேறொன்றும் இருந்தால் எழுத்தில் உள்ள தொகைதான் தொகை. எழுத்துக்கு அவ்வளவு கனம் உண்டு. அதனால்தான் பிள்ளைகள் 'எண் பெயர்' பாடத்தை ஒரு மார்க் கேள்வி என்று தள்ளிவிடும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இதைச் சொல்லிக்கொடுக்க மூன்று வழி உண்டு. இடமதிப்புக் கட்டம் போட்டு எழுதுவது, கமா போட்டு வெட்டி எழுதுவது, முதலில் தமிழில் சொல்லிப் பார்த்து அப்புறம் இங்கிலீஷுக்குப் போவது. மூன்றையும் பல வருடமாகப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். என் கட்சி கமாதான். ஆனால் தமிழை விட்டுவிட்டுப் போகும் கமா பாதிக் கிணறுதான் தாண்டும்.

கட்டம்

பள்ளிக்கூடத்தில் முதலில் வருவது இதுதான். இலட்சம், பத்தாயிரம், ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று தலைப்பு போட்டு, ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். 2011 கணக்கெடுப்பின்படி நாகர்கோவில் மக்கள்தொகை 2,24,849. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் இதைக் கொடுத்தேன். ஸ்கேல் வைத்து அழகாகக் கோடு போட்டு ஆறு கட்டமும் நிரப்பினாள். அப்புறம் இப்படி எழுதினாள்: 'டூ லேக் டூ டென் தௌசண்ட் ஃபோர் தௌசண்ட் எய்ட் ஹண்ட்ரட் ஃபோர் டென் நைன்.'

அவள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. 2,00,000 + 20,000 + 4,000 + 800 + 40 + 9 என்பதைத்தான் எழுதியிருக்கிறாள், கூட்டினால் சரியாக வரும். ஆனால் அது எண்ணின் விரிவு, எண்ணின் பெயர் இல்லை. கட்டம் அவளிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

கட்டத்தின் குறையே இங்கேதான் இருக்கிறது. கட்டம் ஆறு, ஆனால் பத்தாயிரம், ஆயிரம் என்ற இரண்டு கட்டங்களுக்கும் சேர்த்து இங்கிலீஷில் ஒரே பெயர்தான். பத்தாயிரத்தில் உள்ள 2-ம் ஆயிரத்தில் உள்ள 4-ம் சேர்ந்து 'ட்வென்டி ஃபோர்' ஆகி, அப்புறம் ஒரே ஒரு தடவை 'தௌசண்ட்' வர வேண்டும். பத்தும் ஒன்றும் அதேபோலச் சேர்ந்து 'ஃபார்ட்டி நைன்' ஆக வேண்டும். சேர்க்க வேண்டிய இடத்தில் கட்டம் கோடு போட்டுப் பிரித்துவிடுகிறது. அக்கா தடுமாறியதும் இதே இரண்டு இடத்தில்தான். 1,05,000-இல் பத்தாயிரத்தில் பூஜ்யம், ஆயிரத்தில் 5. பூஜ்யமும் ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதும் கை ஃபிஃப்டி என்று எழுதிவிட்டது.

கட்டத்தை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. கடன் வாங்கிக் கழிப்பதற்கும், 5 எங்கே நின்றால் ஐந்து, எங்கே நின்றால் ஐயாயிரம் என்று புரிவதற்கும் கட்டம் வேண்டும். நாலாம் வகுப்பில் அது இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. பெயர் எழுத மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கமா

கமா முறையில் எண்ணை வலது பக்கத்திலிருந்து வெட்டுகிறோம். முதலில் மூன்று இலக்கம், அப்புறம் இரண்டிரண்டாக. 2 | 24 | 849. ஒவ்வொரு கமாவுக்கும் ஒரு பெயர். வலமிருந்து முதல் கமா தௌசண்ட், அடுத்தது லேக், அதற்கும் அடுத்தது க்ரோர். இடமிருந்து படித்துக்கொண்டு வந்து, கமா வந்ததும் அதன் பெயரைச் சொல்கிறோம். டூ, கமா: லேக். ட்வென்டி ஃபோர், கமா: தௌசண்ட். எய்ட் ஹண்ட்ரட் அண்ட் ஃபார்ட்டி நைன். முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, தெரிந்திருக்க வேண்டியது மிகக் குறைவு என்பதுதான். 99 வரைக்கும் பெயர் தெரிய வேண்டும், ஹண்ட்ரட் தெரிய வேண்டும், கமாவின் மூன்று பெயர் தெரிய வேண்டும். அதை வைத்து 99,99,99,999 வரைக்கும் போய்விடலாம். ஒன்பது கட்டம் போட்டு ஒன்பது தலைப்பு எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. இடது உள்ளங்கையை எண்ணின் மேல் வைத்து, இடமிருந்து முதல் கமாவுக்கு வலப்பக்கம் உள்ளதையெல்லாம் மறைத்துவிட வேண்டும். தெரிகிற சின்ன எண்ணை மட்டும் எழுது, கமாவின் பெயரை எழுது. கையை அடுத்த கமா வரைக்கும் நகர்த்து. புதிதாகத் தெரிவதை மட்டும் எழுது. 1,05,000-இல் கையை நகர்த்தினால் '05' மட்டும் தனியாகத் தெரியும். தனியாகப் பார்க்கும்போது அது ஐந்து என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. பின்னால் உள்ள பூஜ்யங்கள் கைக்கு அடியில் இருக்கும்வரை குழப்பம் கிடையாது.

தடுமாறும் இடங்களும் உண்டு. கேள்வித்தாளில் கமா இல்லாமல் 1870374 என்று கொடுத்தால் இடப்பக்கத்திலிருந்து வெட்ட ஆரம்பித்து 187,03,74 என்று போடும் பிள்ளைகள் உண்டு. "வலப்பக்கம் மூணு, அப்புறம் ரெண்டு ரெண்டு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இன்னொன்று, வெறும் பூஜ்யமாக இருக்கும் துண்டு. 3,00,045-ஐ 'த்ரீ லேக் ஜீரோ தௌசண்ட்' என்று எழுதுவார்கள். துண்டு காலி என்றால் அதன் கமாவும் வாய் திறக்காது: 'த்ரீ லேக் அண்ட் ஃபார்ட்டி ஃபைவ்.'

தமிழ்

இனி மூன்றாவது வழி. இதைக் குறைவாக நினைக்கிறவர்கள் நிறைய. 'தமிழில் யோசித்தால் இங்கிலீஷ் வராது' என்று பெற்றோரே சொல்வார்கள். எண் விஷயத்தில் அது சரியில்லை. 2,24,849-ஐத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: இரண்டு இலட்சத்து இருபத்து நான்காயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது. கமா எங்கே வெட்டியதோ அங்கேயேதான் தமிழும் வெட்டுகிறது. 'இரண்டு பத்தாயிரம் நான்கு ஆயிரம்' என்று நம் வீட்டில் ஒருத்தரும் சொல்வதில்லை. மேற்கே விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கும் லட்சம், கோடி, அதே வெட்டுதான். கமா முறையைப் பாதி படித்துவிட்டுத்தான் பிள்ளை ட்யூஷனுக்கே வருகிறது.

தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. பின்னால் ஏதாவது வரப்போகிறது என்றால் சொல்லின் வாலே மாறிவிடும். நூறு என்றால் முடிந்தது, நூற்று என்றால் பாக்கி இருக்கிறது. ஆயிரம், ஆயிரத்து. இலட்சம், இலட்சத்து. 'ஒரு லட்சத்து' என்று அக்கா சொன்னபோதே அடுத்து ஏதோ வருகிறது என்று நாக்குக்குத் தெரிந்திருந்தது. இங்கிலீஷில் லேக் எப்போதும் லேக்தான், வால் மாறாது. அதனால் எழுதி முடித்ததும் தமிழில் ஒரு தடவை வாசித்துச் சரிபார்க்கச் சொல்கிறேன். பூஜ்யத் தப்பு பெரும்பாலும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

பழைய தமிழ் எண்முறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள். 2,345-ஐ ௨௲௩௱௪௰௫ என்று எழுதினார்கள். 2,005 என்றால் ௨௲௫, அவ்வளவுதான், நடுவில் பூஜ்யமே இல்லை. 'டூ தௌசண்ட் அண்ட் ஃபைவ்' என்பதிலும் பூஜ்யம் இல்லை. வாயால் சொல்லும் எண்ணில் பூஜ்யத்துக்கு வேலை இல்லை, இடத்தைப் பிடித்து வைப்பதற்குத் தாளில் மட்டும்தான் அது வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் போர்டில் எழுதிக் காட்டினால் 'ஜீரோ தௌசண்ட்' அதோடு நின்றுவிடுகிறது.

தமிழ் காலை வாரிவிடும் இடம் இரண்டு. ஒன்று, பதினொன்று முதல் பத்தொன்பது வரை. பதினான்கில் பத்து முன்னால், நான்கு பின்னால். ஃபோர்ட்டீனில் நான்கு முன்னால். காதால் கேட்டு எழுதும் பிள்ளை ஃபோர்ட்டீனுக்கு 41 என்று எழுதுவது இதனால்தான், கவனக்குறைவு இல்லை. இரண்டாவது, தொண்ணூறும் தொள்ளாயிரமும். 90-க்குள் 'நூறு' ஒலிக்கிறது, 900-க்குள் 'ஆயிரம்' ஒலிக்கிறது. தொள்ளாயிரம் என்றதும் தௌசண்ட் என்று எழுதிவிட்டு முழிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில் இங்கிலீஷ்தான் ஒழுங்கு: நைன் ஹண்ட்ரட். மலையாளத்திலும் தொண்ணூறு, தொள்ளாயிரம் இதே கதைதான் என்பதால் அந்தப் பிள்ளைகளுக்கும் தப்பிக்க வழியில்லை.

லேக்கா, மில்லியனா

ஆறாம் வகுப்புக்கு மேல் இந்தச் சண்டை வந்துவிடும். நம் மாவட்டத்தின் 2011 மக்கள்தொகையை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கலாம்.

18,70,374: எய்ட்டீன் லேக் செவன்டி தௌசண்ட் த்ரீ ஹண்ட்ரட் அண்ட் செவன்டி ஃபோர்.

1,870,374: ஒன் மில்லியன் எய்ட் ஹண்ட்ரட் அண்ட் செவன்டி தௌசண்ட் த்ரீ ஹண்ட்ரட் அண்ட் செவன்டி ஃபோர்.

99,999 வரைக்கும் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. வலமிருந்து முதல் கமா இரண்டிலும் ஒரே இடம், ஒரே பெயர். ஒரு லட்சத்தில்தான் பாதை பிரிகிறது. நம் முறையில் மேல் துண்டுகள் இரண்டு இலக்கம்தான், அதனால் தௌசண்டுக்கு முன்னால் ஹண்ட்ரட் வரவே வராது. எழுதவும் சுருக்கம். மில்லியன் முறையில் எல்லாத் துண்டும் மூன்று இலக்கம், அதனால் ஒரே பழக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் போதும். கோடிக்கு மேலே போனால் மில்லியன் முறை நிச்சயமாக மேல். நாம் நூறு கோடி, ஆயிரம் கோடி, லட்சம் கோடி என்று பழைய பெயர்களையே அடுக்க வேண்டியிருக்கிறது, அங்கே பில்லியன், ட்ரில்லியன் என்று ஏறிக்கொண்டே போகிறது. (பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் பில்லியன் என்றால் லட்சம் கோடி. 1974-இல்தான் பிரிட்டிஷ் அரசு அதை நூறு கோடி என்று வைத்துக்கொண்டது.)

நம் ஊரில் வங்கி, பத்திரம், ரப்பர் விற்ற கணக்கு எல்லாமே லட்சத்தில்தான் நடக்கிறது. அதனால் லேக் முதலில் கைக்குப் பழக வேண்டும், மில்லியன் அப்புறம். இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தினால் 'ஒன் மில்லியன் எய்ட் லேக்' என்று கலந்துவிடுவார்கள். அண்ணனோ சித்தியோ வளைகுடாவில் இருக்கும் வீடு இங்கே நிறைய. அங்கிருந்து வரும் தாளில் 250,000 என்று இருந்தால் கமாவைத் துடைத்துவிட்டு நம் கமாவைப் போட்டுப் படிக்கச் சொல்கிறேன்: 2,50,000. எண் மாறவில்லை, வெட்டு மட்டும்தான் மாறியது.

மற்றவை சின்ன விஷயங்கள். 'அண்ட்' எங்கே போடுவது என்று கேட்பார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பொதுவாக அதைப் போடச் சொல்வதில்லை, நம்மிடம் உள்ள பிரிட்டிஷ் வழக்கத்தில் போடுவோம். நான் போடச் சொல்வேன், 'நூற்று' என்பதன் வாலுக்கு இங்கிலீஷில் கொஞ்சமாவது ஈடு அதுதான். ஆனால் ஒவ்வொரு கமாவிலும் போடக் கூடாது. ஹண்ட்ரட், தௌசண்ட் இரண்டுக்கும் எண் எழுதும்போது கடைசியில் எஸ் வேண்டாம். ஃபோரில் யூ உண்டு, ஃபார்ட்டியில் யூ இல்லை: எஃப், ஓ, ஆர், டி, ஒய். 21 முதல் 99 வரை இரண்டு சொல்லாக வருவதற்கு நடுவே சின்னக் கோடு. பணம் என்றால் கடைசியில் ஒன்லி, பின்னால் யாரும் ஒரு சொல்லைச் சேர்த்துவிடாமல் இருக்க.

அன்றைக்கு அக்காவிடம் புது ஸ்லிப் ஒன்றை நீட்டி, "மறைச்சு எழுதுங்க" என்றேன். பக்கத்தில் இருந்த நாலாம் வகுப்புப் பையன் தன் உள்ளங்கையைக் கொண்டுவந்து எண்ணின் மேல் வைத்தான். "கையை எடு மக்களே, நானே வைக்கேன்" என்று அக்கா தன் கையை வைத்தார். ஒன் லேக் என்று எழுதிவிட்டுக் கையை நகர்த்தினார். '05' தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். "அஞ்சுதானே டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே ஃபைவ் தௌசண்ட் ஒன்லி என்று எழுதி, மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுத்தார்.