கானாடுகாத்தான் ஹோம்ஸ்டே, ஆச்சிகிட்ட கதை கேக்கவே போலாம்

போன மாசம் கானாடுகாத்தான்ல ஒரு பழைய செட்டியார் வீட்டு ஹோம்ஸ்டேல ரெண்டு நாள் தங்கினோம். ரூம் சுத்தம், வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் அருமை, மாடி ரூம்ல மட்டும் சுடுதண்ணி வரல, ரெண்டு தடவ சொன்னப்புறம் வாளியிலதான் கொண்டாந்து குடுத்தாங்க, அதுக்கு ஒரு ஸ்டார் கொறச்சிருக்கேன்.

வீட்டு ஆச்சிக்கு எம்பது தாண்டிருச்சு, இன்னும் அவங்களேதான் வீட்டச் சுத்திக் காட்டுறாங்க. எங்களோட கனடாவுலேருந்து ஜப்பான் வம்சாவளிப் பெரியவர் ஒருத்தர் தங்கியிருந்தாரு. வளவுச் சுவத்துல (வளவுன்னா வீட்டு நடு முத்தம்) ஜப்பான் டைல்ஸப் பாத்ததும் நின்னுட்டாரு, பூவோட ஓரத்த வெரலால தடவிக்கிட்டே இருந்தாரு. அவங்க தாத்தா ஊரு ஜப்பான்ல வாகயாமா மாகாணத்துல மியோங்கற மீனவ கிராமமாம். 1888ல அந்த ஊரு குனோ கிஹேங்கறவரு வான்கூவர் பக்கத்து ஸ்டீவ்ஸ்டனுக்குப் போயி, ஃப்ரேசர் ஆத்துல சால்மன் மீன் அள்ள அள்ள வர்றதப் பாத்துட்டு ஊர்க்காரங்கள வரச்சொல்லி, அவங்க அனுப்புன காசுல மியோவுல வெளிநாட்டு மாதிரி வீடுங்க எழும்பி, அமெரிக்க கிராமம்னே பேரு வந்துருச்சாம். ஆச்சி உடனே, "நம்மாளுங்க கொண்டுவிக்க, அதான் கடல் தாண்டி யாவாரம் பண்ண, போன கததான் இதுவும். இந்த வீடே பர்மாக் காசுதானப்பா"ன்னாங்க.

பேர்ல் ஹார்பர்ல ஜப்பான் குண்டு போட்டப்புறம் 1941 டிசம்பர்ல கனடா அரசாங்கம் அங்க இருந்த ஜப்பான் வம்சாவளிக்காரங்களோட மீன்புடிப் படகு 1,200 கிட்டப் புடுங்கிருச்சு. 1942ல சுமார் 22,000 பேர கடற்கரையிலேருந்து 100 மைலுக்கு அங்கிட்டு அனுப்பிட்டாங்க, அதுல பாதிக்கு மேல அந்த மண்ணுலயே பொறந்தவங்க. மொதல்ல நெறய பேர வான்கூவர் ஹேஸ்டிங்ஸ் பார்க்ல ஆடுமாடு கட்டுற கொட்டகைல வச்சிருக்காங்க. பத்திரமா பாத்துக்கறோம்னு எடுத்துக்கிட்ட வீடு நெலத்த கேக்காமலே வித்து, அந்தக் காசுலயே அவங்கள கேம்ப்ல வச்ச செலவக் கழிச்சிருக்காங்க, எனக்கு வயிறு எரிஞ்சுது. சண்ட முடிஞ்சும் 1949 ஏப்ரல் வரைக்கும் கடற்கரைக்குத் திரும்ப விடல. 1988ல மன்னிப்புக் கேட்டு, உயிரோட இருந்தவங்களுக்கு ஆளுக்கு 21,000 டாலர் குடுத்தாங்க.

அதே 1941 டிசம்பர்லதான் ரங்கூன்ல ஜப்பான் குண்டு விழுந்துச்சு. ஆச்சியோட அப்பச்சி, அதான் அப்பா, அங்க இருந்த கடை இரும்புப்பொட்டிச் சாவிய மட்டும் இடுப்புல சொருகிக்கிட்டு நடந்தே வந்தவரு. இத எப்படி அந்தக் கனடாப் பெரியவருகிட்ட இங்கிலீஷ்ல சொல்றதுன்னு நான் தயங்குனேன், ஆச்சிதான் "சொல்லுப்பா, அவரு என்ன பண்ணுவாரு பாவம்"னாங்க. சொன்னேன். அவரு ரொம்ப நேரம் பேசல, அப்புறம் போன்ல தாத்தாவோட படகு போட்டோவக் காட்டுனாரு. ஆச்சி உள்ள போயி அந்தத் துருப்புடிச்ச சாவியக் கொண்டாந்து அவரு உள்ளங்கையில வச்சாங்க.

போறவங்க கீழ் ரூமாக் கேட்டு வாங்கிக்கங்க. ஆச்சி மத்தியானம் படுத்துருவாங்க, காலப் பலகாரம் முடிச்ச கையோட வளவுக்கு வந்துருங்க.