அக்வாவுக்கு ஒறிஜினல் பாகம்: துபாயா, ஏஜென்டா, பஞ்சிகாவத்தையா?

என் டொயோட்டா அக்வாவுக்கு முன் ஷொக் அப்சோபர் இரண்டு ஒன்லைனில் எடுத்தேன். விளம்பரத்தில் "அக்வா முன்பக்கம், சோடி, ஒறிஜினல்" என்று போட்டிருந்தது. கராஜில் சாக்கை விரித்துப் பழையதையும் புதியதையும் கிடத்திப் பார்த்தால், ஸ்டபிலைசர் லிங்க் பூட்டும் காது புதியவை இரண்டிலும் ஒரே பக்கம் நிற்கிறது. பெட்டிகளைப் புரட்டினோம். இரண்டிலும் பாக இலக்கம் 48520 என்றே தொடங்கியது. டொயோட்டா கணக்கில் 48510 வலது, 48520 இடது. விற்றவர் திருப்பி எடுக்கவில்லை.

அன்றிலிருந்து பாக இலக்கம் கையில் இல்லாமல் நான் காசு கட்டுவதில்லை. இலக்கத்தை எங்கே எடுப்பது, சாமானை எங்கே வாங்குவது என்பவை வேறு வேறு கேள்விகள்.

இலக்கம் எடுக்க பார்ட்சூக், அமயாமா என்ற பாக இணையத்தளங்கள் இரண்டும் நல்லவை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களுக்கு 17 இலக்க வின் நம்பர் கிடையாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கம்தான் அடையாளம். முதல் தலைமுறை அக்வா என்றால் என்எச்பி10, அதன்பின் ஏழு இலக்கம். அதை அடித்தால் உங்கள் காரின் வரைபடமே திறக்கும். அமெரிக்காவின் ரொக்ஓட்டோ விலையில் கவர்ந்தாலும், அங்கே தேடுவது வருடத்தையும் மொடலையும் வைத்து. அங்கே இந்தக் கார் இடப்பக்க ஸ்டியரிங் உள்ள பிரியஸ் சி. ஹெட்லைட், ஸ்டியரிங் ரெக் போன்றவற்றை அங்கே எடுக்கவே வேண்டாம்.

டொயோட்டா இலக்கத்தின் முதல் ஐந்து எண்கள் பாகத்தைச் சொல்லும்: 04465 என்றால் முன் பிரேக் பாட். பின் ஐந்தும் எந்தக் காருக்கு என்பதைச் சொல்லும். அவை கொஞ்சம் மாறியிருந்தால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். கம்பெனியே பழைய இலக்கத்தை மாற்றியிருக்கலாம். கேட்டலொக்கில் புதியது தெரியும்.

இனி வாங்குவது. சென்சர், ரப்பர் புஷ் போன்ற பாரமில்லாதவற்றுக்குத் துபாயிலிருந்து ஒன்லைனில் எடுப்பது கட்டுப்படியாகலாம். ஷொக் அப்சோபர் போன்ற பாரமான சாமானுக்குக் கூரியர் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் லாபம் கரைந்துவிடும், பிழைத்தால் திருப்பி அனுப்பவும் மாட்டோம். ஒயில் பில்டர், பிளக், பிரேக் பாட் மூன்றிலும்தான் போலி அதிகம் புழங்குகிறது. அவற்றை நான் இலங்கை ஏஜென்டான டொயோட்டா லங்கா கவுண்டரில்தான் எடுக்கிறேன். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பிரேக் மிதிக்கும்போது பயமில்லை. அங்கே கட்டாவிட்டால் டென்சோ, அய்சின் பெட்டியில் வருவதைப் பாருங்கள். இரண்டும் டொயோட்டா குழுமக் கம்பெனிகள்தான்.

கதவு, பம்பர், கண்ணாடி என்றால் கொழும்பில் பழைய பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையை ஒன்லைன் எட்டாது. ஜப்பான் காரில் கழற்றிய ஒறிஜினல், அதிர்ஷ்டமிருந்தால் உங்கள் நிறத்திலேயே கிடைக்கும். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்தது. அத்தனை வருடமும் நம் பழைய கார்களை ஓடவைத்ததில் அந்தத் தெருவுக்குப் பெரிய பங்குண்டு.

முகநூல், இக்மன் விளம்பரத்தில் எடுப்பதென்றால், காசு போடமுன் பெட்டி லேபலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சோடி என்றால் இரண்டு பெட்டியையும். அனுப்பத் தயங்கினால் அந்தச் சாமானை விட்டுவிடுங்கள்.