மதுரையில் ஒரு பெற்றோர் சங்கக் கூட்டம்

இந்த முறை ஊருக்குப் போனதில் உருப்படியாகச் செய்த வேலை, அக்காவோடு அவர்களின் பெற்றோர் சங்கக் கூட்டத்துக்குப் போனதுதான். அக்கா மகனுக்கு அறிவுசார் குறைபாடு, இருபது வயதைத் தாண்டிவிட்டான். நான் இருக்கும் லண்டனில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கு என்ன தேவை என்பதையும் கவுன்சில் கேட்டாக வேண்டும் (கேட்ட பிறகு கிடைக்கிறதா என்பது வேறு கதை). இங்கே எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஒரு சிறப்புப் பள்ளியின் கூடத்தில் நடந்தது. முக்கால்வாசி அம்மாக்கள், ஓரிரு தாத்தாக்கள், அப்பாக்கள் அபூர்வம். ஆறுதல் பேச்சாக இருக்கும் என்று போய் உட்கார்ந்தால், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா எழுந்து, "நிராமயா புதுப்பிக்காதவங்க யாரு யாரு, கையத் தூக்குங்க" என்று ஆரம்பித்தார். நிராமயா என்பது, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், வெளிநோயாளிச் செலவும் தெரபியும் அதில் சேரும், சேரும்போது மருத்துவப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள்.

அதிக நேரம் போனது பாதுகாவலர் சான்று பற்றிய பேச்சில்தான். பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன், அம்மாவே ஆனாலும் அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. அக்காவை ஒரு வங்கியில் "அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் பேனாவை வாங்கிச் சலான் முழுக்க வட்டம் வட்டமாகப் போட்டுச் சந்தோஷமாக நீட்டினானாம். இதற்குத்தான் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்தால் போதும். அந்த அம்மா தன் ஃபைலைத் திறந்து, எந்தத் தாளுக்குப் பின்னால் எந்தத் தாள் என்ற வரிசையோடு சுற்றுக்கு விட்டார், எல்லோரும் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். பாதுகாவலராக நியமித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும் என்பதை அங்கேதான் அக்கா முதன்முதலாகக் கேள்விப்பட்டாள். எந்த அலுவலக கவுண்டரிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று. பிள்ளைக்கு மாத உதவித்தொகை உண்டு, ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் துணைக்கு வருபவருக்கும் சேர்த்து 75% சலுகை உண்டு. பார்த்துக்கொள்கிற அம்மா இரண்டு மணி நேரம் மூச்சு விடுவதற்கு மட்டும் ஒரு ஏற்பாடும் கண்ணில் படவில்லை. ஒரு அம்மா கூட்டம் முழுக்க வாசலிலேயே நின்றார், மகன் உள்ளே உட்கார மாட்டான். அவன் கேட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்க, ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்தபடி ஜன்னல் வழியாகக் கேட்டதுதான் அவருக்குக் கூட்டம். வீட்டில் மகனைப் பார்த்துக்கொள்ள மாமா இருந்ததால்தான் அக்காவே வர முடிந்தது. இப்படி ஆள் இல்லாத எத்தனை பேர் வராமலே இருக்கிறார்களோ.

கடைசியில் இதைச் சொன்னேன். பக்கத்து வகுப்பறையைக் கேட்டு வாங்கி, சிறப்புக் கல்வி ஆசிரியர் படிப்பு படிக்கும் மாணவர்கள் இரண்டு பேருக்குப் பணம் கொடுத்துக் கூட்ட நேரத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமே, ஒரு வருடச் செலவை நான் தருகிறேன் என்றேன். யோசனை எல்லோருக்கும் பிடித்தது. ஃபைலைச் சுற்றுக்கு விட்ட அந்த அம்மா மட்டும் உடனே தலையாட்டவில்லை.

"தம்பி, உங்க பாஸ்போர்ட் எந்த நாடு?"

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் பணம் என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் வாங்கலாம், இந்தச் சங்கத்துக்கு இரண்டும் இல்லையாம். என்னுடையது இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான் என்றதும் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

"அப்பச் சரி. பேங்க் வழியா அனுப்புங்க, கையில குடுக்காதீங்க."