என்ஓஎல் கணக்குத் தாள்: பல ஆண்டு ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

அமெரிக்காவில் சொந்தத் தொழிலில் வந்த நஷ்டத்தைப் பின்வரும் ஆண்டுகளின் வருமானத்தில் கழிப்பதுதான் என்ஓஎல் (நெட் ஆபரேட்டிங் லாஸ்). 2018 முதலான நஷ்டங்களுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் 2021 முதல், அவற்றை அந்தந்த ஆண்டின் வரிக்குரிய வருமானத்தில் 80 சதவீதம் வரைதான் கழிக்க முடியும். காலாவதி இல்லாதது நல்ல செய்தி போலத் தெரியும். ஆவணம் வைப்பவருக்கு அதுதான் பெரிய சுமை. 2022 நஷ்டத்தின் மிச்சம் 2035 ரிட்டர்ன் வரை வந்தால், 2022-இன் காகிதங்களும் அதுவரை கையில் இருக்க வேண்டும்.

வரி மென்பொருளை மட்டும் நம்புவது போதாது. அதே மென்பொருளில் தொடரும்வரை மீதி தானாக வரும். மென்பொருளோ சிபிஏவோ (உரிமம் பெற்ற கணக்காளர்) மாறும்போதுதான் அறுந்துபோகிறது: மீதி வராமலே போகலாம், அல்லது எந்த ஆண்டு நஷ்டம் என்ற பிரிவில்லாமல் ஒரே தொகையாக வரலாம். அதனால் தனி எக்செல் தாள் அவசியம். நஷ்டம் வந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வரிசை. அதில் தொடக்கத் தொகை, ஒவ்வோர் ஆண்டும் கழித்தது, அந்த ஆண்டின் 80 சதவீத வரம்பு, மீதி.

தாளின் முதல் எண்ணில்தான் அதிகம் பிழை வருகிறது. திருமணமாகாத ஒருவருக்கு 2022-இல் ஷெட்யூல் சி (சொந்தத் தொழிலின் லாப நஷ்டப் படிவம்) நஷ்டம் 90,000 டாலர், வங்கி வட்டி 1,000, ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 12,950, வேறு எதுவும் இல்லை என்று வைப்போம். மூன்றையும் கூட்டிக் கழித்து 1,01,950 என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் 89,000 என்கிறார்கள். இரண்டும் தவறு. இந்த நிலையான கழிவு போன்ற தொழில்சாராக் கழிவை, வட்டி போன்ற தொழில்சாரா வருமானத்தின் அளவுக்கு மட்டுமே எடுக்கலாம்; 12,950-இல் 1,000 போக மிஞ்சும் 11,950 திரும்பச் சேர்க்கப்படும். என்ஓஎல் 90,000. என்ஓஎல் கழிவுக்கும் கியூபிஐ (தொழில் வருமானத்தில் ஒரு பங்கைக் கழிக்கும் சலுகை) கழிவுக்கும் முன் 2023-இல் வரிக்குரிய வருமானம் 60,000 என்றால் 48,000 கழியும், 42,000 மீதி.

இந்தக் கணக்குக்கு இப்போது ஃபார்ம் 172 இருக்கிறது. கழிக்கும் தொகை ரிட்டர்னின் இணைப்புப் படிவமான ஷெட்யூல் 1-இன் 8ஏ வரியில் மைனஸாகப் போகும். அதோடு, கழிவு எப்படி வந்தது என்று காட்டும் ஸ்டேட்மென்டை ரிட்டர்னுடன் இணைக்கச் சொல்கிறது வரி விதி. மேற்படித் தாளையே பிடிஎஃப் ஆக்கி இணைத்தால் வேலை முடிந்தது. சுயதொழில் வரியை (சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்கான வரி) என்ஓஎல் குறைக்காது என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதிவைப்பது நல்லது. ஆண்டுதோறும் எழும் கேள்வி அது.

வருமானம் இருந்த ஆண்டில் கழிக்க மறந்தாலும், கழிந்திருக்க வேண்டிய தொகை தீர்ந்ததாகவே கணக்கு. திருத்த ரிட்டர்ன் போட்டு அந்த ஆண்டிலேயே எடுக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கு முழுசாகத் தள்ள முடியாது. 2018, 2019, 2020 நஷ்டங்களில் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. 2020-இன் கோவிட் நிவாரணச் சட்டமான கேர்ஸ் சட்டப்படி அவை முதலில் 5 ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும். வேண்டாம் என்று முறைப்படி விலக்கு எழுதித் தரவில்லையென்றால், ரீஃபண்டே கேட்காவிட்டாலும் அந்தப் பழைய ஆண்டுகளின் வருமானம் நஷ்டத்தை விழுங்கிவிட்டதாகவே கொள்வார்கள். அந்த விலக்கு ஸ்டேட்மென்டின் நகல் இல்லாமல் அந்த வரிசைகளின் மீதியை நம்பக் கூடாது.

கேள்வி வந்தால் பழைய ரிட்டர்னை மட்டும் நீட்டிப் பயனில்லை. ரிட்டர்ன் என்பது நீங்கள் சொன்னது. நஷ்டத்துக்கான சான்று அல்ல என்பதில் வரி நீதிமன்றம் உறுதியாக இருக்கிறது. நஷ்டம் வந்த ஆண்டின் ஆய்வுக்கெடு முடிந்திருந்தாலும், இன்றைய கழிவைச் சரிபார்க்க ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) அந்த ஆண்டைத் திறந்து கணக்கிடலாம். எனவே நஷ்ட ஆண்டுக்கென ஒரு ஃபோல்டர்: பேங்க் ஸ்டேட்மென்ட், இன்வாய்ஸ், ரசீது, தேய்மானப் பட்டியல், லெட்ஜர். லெட்ஜரை மென்பொருள் கோப்பாக மட்டும் வைத்தால் சந்தா நின்றதும் திறக்காது. பிடிஎஃப் நகலும் எடுத்துவிடுங்கள். கடைசி டாலர் கழிந்த ரிட்டர்னுக்குப் பிறகு 3 ஆண்டு வரை எதையும் தூக்கிப் போட வேண்டாம். ஐஆர்எஸ்ஸிடம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட் (ஐஆர்எஸ் தரும் ரிட்டர்ன் விவரச் சுருக்கம்) நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய 3 ஆண்டுக்கும்தான் கிடைக்கும்.

மாநிலத்துக்குத் தனித் தாள் வேண்டும். பென்சில்வேனியாவும் நியூஜெர்சியும் தனிநபர் வருமான வரியில் என்ஓஎல் முன்கொணர்வையே (நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோவது) அனுமதிப்பதில்லை. கலிஃபோர்னியா 2024 முதல் 2026 வரை, 10 லட்சம் டாலரும் அதற்கு மேலும் வருமானம் உள்ளவர்களுக்கு இந்தக் கழிவை நிறுத்திவைத்திருக்கிறது. ஃபெடரல் மீதியை அப்படியே மாநில ரிட்டர்னில் நகலெடுத்தால் மாநிலக் கணக்கு கெட்டுப்போகும்.