ஸ்டியரிங் மட்டும் கிட்டே வந்திருந்தால்

என் வண்டியின் ஸ்டியரிங் மேலும் கீழும் நகரும், முன்னும் பின்னும் வராது. இந்த ஒன்று மட்டும் இல்லாதிருந்தால், குறைந்த பணத்தில் நெடுஞ்சாலைக்கு இதைவிட நல்ல வண்டி தேட வேண்டாம் என்று நாலு வரியில் முடித்திருப்பேன்.

கம்பெனி பேரையும் மாடலையும் சொல்லப்போவதில்லை. இதே குறை பல கம்பெனிகளின் விலை குறைந்த கீழ் வேரியன்ட்களில் உண்டு. பேரைச் சொன்னால் பேச்சு அந்தப் பேரைச் சுற்றியே ஓடிவிடும். செடான், நான்கு சிலிண்டர் பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கீழிருந்து இரண்டாவது வேரியன்ட். மைலேஜ், டிக்கி அளவு எல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும், அதை நான் வேறு எழுத வேண்டியதில்லை.

இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றினேன். அதற்குப் பிறகு ஒருநாள் கூட வந்த நண்பர், வண்டி போகிற அழகைப் பார்த்துவிட்டு, "நானும் இதையே வாங்கிடவா?" என்று கேட்டார். வாங்கு என்று சொல்ல வாய் வந்தது. கை அதற்குள் தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் சீட்டில் உட்கார ஒரு முறை இருக்கிறது. கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். சீட்டை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, முதுகைச் சாய்மானத்தோடு ஒட்டி வைத்துக் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். எனக்குக் கால் நீளம். காலுக்கு ஏற்ற மாதிரி சீட்டைப் பின்னால் தள்ளினால் அந்த உச்சியில் விரல்நுனிதான் படுகிறது. கைக்கு ஏற்ற மாதிரி முன்னால் இழுத்தால் முழங்கால் டேஷ்போர்டின் அடியில் இடிக்கிறது. ஏர்பேக் இருப்பதால் மார்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பார்கள். என் வண்டியில் அது தாராளமாகவே இருக்கிறது. கிட்டே வர இடம் இருந்தும் ஸ்டியரிங் வராததுதான் வயிற்றெரிச்சல்.

ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. கியர் மாற்றுகிறோம், திருப்புகிறோம், ஹாரன் அடிக்கிறோம், கை ஓரிடத்தில் இருப்பதில்லை. நேர்ச்சாலையில் ஏறிய பிறகுதான் கதை. முதலில் ஒன்றும் இருக்காது. அப்புறம் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஓர் இடம் மெல்ல இறுகும். தோளைத் தளர்த்தலாம் என்று பார்த்தால் முதுகு சாய்மானத்தை விட்டு விலகும். விலகிய கொஞ்ச நேரத்தில் இடுப்பு தன் பங்குக்கு ஆரம்பிக்கும். கதவில் முழங்கை வைக்க ஒரு திண்டு கொடுத்திருக்கிறார்கள், துணி போர்த்தி, நல்ல மெத்தென்று. கையை நீட்டிப் பிடித்திருக்கும்போது முழங்கை அதைத் தாண்டி அந்தரத்தில் நிற்கிறது. கடைசியில் ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஓட்டும் கெட்ட பழக்கம் வந்து சேர்கிறது. திடீரென்று ஒதுங்க வேண்டிய நேரத்தில் அந்தப் பிடி உதவாது.

இதில் கடுப்பு ஏற்றுவது ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன நெம்புகோல். அதைக் கீழே தள்ளியதும் பூட்டு விடுபட்ட சத்தம் வரும், ஸ்டியரிங் தளர்ந்து கையோடு வருவதுபோல் இருக்கும். மேலே தூக்கலாம், கீழே இறக்கலாம். இழுத்தால் மட்டும் அசையாது. இப்போதும் அவ்வப்போது இழுத்துப் பார்க்கிறேன்.

சரி, மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஸ்டியரிங்குக்கும் தண்டுக்கும் இடையே ஒரு துண்டு வைத்து நீட்டித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏர்பேக் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். மேல் வேரியன்டின் ஸ்டியரிங் தண்டையே வாங்கிப் பொருத்தலாம் என்றால், அது மோதலில் மடங்கி உள்வாங்கும்படி செய்யப்பட்ட பாதுகாப்புப் பகுதி. என் மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "வேற எது வேணும்னாலும் சொல்லுங்க சார், செஞ்சு தர்றேன்."

அவர் வேறு எதை வேண்டுமானாலும் செய்து தருவார் என்பதுதான் இந்தக் கட்டுரையே. டயரை மாற்றலாம். ஷாக் அப்சார்பர், புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), ஸ்பீக்கர், ஹெட்லைட் பல்பு எல்லாம் மாற்றலாம். சீட் குஷன் அமுங்கியிருந்தால் நுரை வைத்து நிரப்பலாம். உட்காரும் நிலை, வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்), கியர் விகிதம் இந்த மூன்றும் தொழிற்சாலையில் வந்ததுதான். கையில் பணம் குறைவாக இருப்பவர் ஷோரூமில் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூன்றைத்தான். விற்பவர் காட்டுவது தொடுதிரையை.

கம்பெனியின் கணக்கும் எனக்குப் புரியாமல் இல்லை. கீழ் வேரியன்டில் எதையாவது எடுத்தால்தான் மேல் வேரியன்டுக்கு ஆள் ஏறுவார்கள். எடுக்கட்டும். அலாய் வீலை எடு, பின்பக்கக் கேமராவை எடு, கதவோரம் நீல வெளிச்சம் போடுகிற விளக்கை எடு. ஓட்டுபவனின் உடம்புக்கு வண்டியைப் பொருத்துகிற வேலையில் கை வைக்காதே. 1948-ல் பாரிஸ் கார் கண்காட்சியில் சித்ரோன் 2சிவி என்று ஒரு காரைக் காட்டினார்கள். விவசாயிகளுக்கான மலிவு வண்டி, 375 சிசி என்ஜின், 9 குதிரைத்திறன். உழுத நிலத்தில் ஒரு கூடை முட்டையோடு போனாலும் ஒன்றுகூட உடையக் கூடாது என்பது அதை வடிவமைத்தவர்களுக்கு வைத்த நிபந்தனை. மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்தார்கள், முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஸ்பிரிங்கால் இணைத்த சஸ்பென்ஷனில் மட்டும் மூளையைச் செலவழித்தார்கள். எதில் மிச்சம் பிடிப்பது என்று முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

திட்டியாயிற்று. இப்போது நல்லதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டி ஓடுகிற விதம் அப்படி.

பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றித் தரையில் நிறுத்தி, மெக்கானிக் அதன் ராடை உள்ளங்கையால் அழுத்திக் காட்டினார். எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே இறங்கியது, இறங்கிய இடத்திலேயே கிடந்தது. அந்த ஷாக் அப்சார்பரின் மேல்பக்கம் முழுக்க எண்ணெய் கசிந்து, தூசி ஒட்டி, கறுப்பாகப் படிந்திருந்தது. புதியதை அழுத்த அவர் தன் எடையையே அதன்மேல் போட வேண்டியிருந்தது. கையை எடுத்ததும் ராடு மெதுவாகத் தானே எழுந்து வந்தது. மேட்டையும் பள்ளத்தையும் தாங்குவது ஸ்பிரிங்தான். தாங்கிய பிறகு அது குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். என் வண்டியில் அடக்க ஆள் இல்லாமல் போயிருந்தது. முன்பு பாலத்தின் இணைப்புகளைக் கடந்தால் முன்பக்கம் எழுந்து இறங்கி இன்னொரு தடவை எழும். இப்போது ஒரே ஒரு 'தட்', அதோடு சரி. கூடவே, முன்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் புஷ்களையும் மாற்றினேன். பின்சீட்டில் இருந்தவர்கள் தூங்கிப்போனார்கள்.

செகண்ட் ஹேண்ட் வண்டியை ஓட்டிப் பார்த்து, அலைபாய்கிறது என்று தள்ளிவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது தீரக்கூடிய நோய். அந்தச் செலவை முதலிலேயே பட்ஜெட்டில் ஒதுக்கி வைத்துவிட்டு, அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. என் வேரியன்டுக்கு 185/65 ஆர்15 டயர். ஸ்டியரிங் முன்னும் பின்னும் வருகிற டாப் வேரியன்டுக்கு 195/55 ஆர்16, அலாய் வீலோடு. முதல் எண் மி.மீ.-ல் டயரின் அகலம், ஆர்-க்குப் பின்னால் இருப்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண், டயரின் அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது. கணக்குப் போட்டால் என் டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ., டாப் வேரியன்டில் 107 மி.மீ. சக்கரத்தின் மொத்த விட்டம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆக, அதிகப் பணம் கொடுத்தவருக்கு ரிம் பெரிது, நடுவில் இருக்கும் ரப்பரும் காற்றும் குறைவு. சாலையின் ஒட்டுப்போட்ட இடங்கள் அவர் சீட்டுவரை வரும், என் சீட்டுக்கு அவ்வளவு வராது. எனக்கு நல்ல டயரும் கெட்ட ஸ்டியரிங்கும், அவருக்கு நல்ல ஸ்டியரிங்கும் கெட்ட டயரும். சுகம் முழுதாகக் கிடைக்கிற வேரியன்ட் அந்த மாடலில் இல்லவே இல்லை.

சத்தம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவது கியரில் 100 கி.மீ. வேகத்தில் என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் 2,500-ஐ ஒட்டி நிற்கும், என்ஜின் இருப்பதே தெரியாது. 120-ல் பேச்சைக் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டும், பெரும்பாலும் காற்றுச் சத்தம். வேகம் 20 சதவீதம் கூடினால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடுகிறது, அதனால் பெட்ரோலும் அங்கேதான் கரைகிறது. ஊருக்குள் ஒரு சுற்று விட்டுக் காட்டும் டெஸ்ட் டிரைவில் இதில் எதுவும் தெரியாது. நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போக விடாத இடத்தில் வண்டி வாங்காதீர்கள்.

நண்பருக்கு இன்னொரு ஆசையும் உண்டு. இதே பணத்துக்கு ஒரு சின்ன எஸ்யூவி. உயரமாக உட்காரலாம், சாலை நன்றாகத் தெரியும் என்கிறார். தெரியும்தான். வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் ஏறி இறங்க அதுதான் வசதி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் உயரமான வண்டி வளைவிலும், பக்கத்தில் லாரி கடக்கும்போது அடிக்கிற காற்றிலும் அசையும். அந்த அசைவைக் குறைக்க சஸ்பென்ஷனை இறுக்குவார்கள், இறுக்கினால் குலுக்கும். வீல்பேஸும் குட்டையாக இருந்தால் முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடும். குறைந்த பட்ஜெட்டில் நீண்ட தூரம் போக, தாழ்வான, நீளமான செடானை வெல்ல எதுவும் இல்லை என்பது என் கட்சி. யாரும் இப்போது செடானைச் சீண்டுவதில்லை என்பதால் செகண்ட் ஹேண்டில் பேரமும் நன்றாகப் படியும்.

அப்படியானால் என் வண்டியை வாங்கலாமா? கால் நீளம் இல்லாதவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத மனம் வரவில்லை. நேற்று ஒரே மூச்சில் நீண்ட தூரம் ஓட்டி வந்த வலி இன்னும் தோளில் இருக்கிறது. அதனால் என் பதில்: வேண்டாம். இதே மாடலில் கொஞ்சம் பழைய வருடத்து டாப் வேரியன்டைத் தேடுங்கள். ஸ்டியரிங் இழுத்தால் வருகிறதா என்று என்ஜினைப் போடுவதற்கு முன்பே பாருங்கள். வாங்கிய பிறகு, சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) இடிக்காதென்று உறுதி செய்துகொண்டு, கீழ் வேரியன்டின் 15 அங்குல இரும்பு ரிம்மை மாட்டிவிடுங்கள். அலாய் வீலை விற்ற காசில் டயர் செலவில் ஒரு பங்கு வந்துவிடும். அழகு போய்விட்டதே என்று யாராவது கேட்டால் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஒரு நீண்ட பயணம் போய் வாருங்கள்.

நான் மட்டும் இதை விற்கப்போவதில்லை. ஷாக் அப்சார்பருக்குப் போட்ட காசாவது ஓடித் தீர வேண்டாமா?