உடனே கேட்கும் ‘மூலிகை’ப் பொடி: இறால் பண்ணைக்காரர்கள் கவனத்துக்கு

வேதாரண்யம் பக்கம் வனாமி இறால் போட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘நூறு சதவீதம் மூலிகை, பக்கவிளைவே கிடையாது’ என்று ஒரு மஞ்சள் நிறப் பொடி பண்ணை பண்ணையாக வந்துகொண்டிருக்கிறது. வாங்காதீர்கள்.

எங்கள் குளத்தில் வெள்ளைக் கழிச்சல் (இறாலின் கழிவு வெள்ளை நூலாக மிதக்கும் நோய்) தொடங்கி, இறால் தின்கிறதா என்று பார்க்க வைக்கும் செக் ட்ரேயில் தீவனம் மிஞ்ச ஆரம்பித்த நேரம் பார்த்து அந்த வியாபாரி வந்தார். டப்பாவில் கீழாநெல்லி, பூண்டு, மஞ்சள் படங்கள். எது எவ்வளவு என்று எழுதவில்லை, பேட்ச் எண்ணும் இல்லை. பில் கேட்டால், “அப்புறம் தர்றேண்ணே.” தீவனத்தில் ஒட்டவைக்கும் பைண்டரோடு அந்தப் பொடியைத் தீவனத்தில் பிசிறிப் போட்டோம். ஓரிரு நாளிலேயே மிதந்த வெள்ளை நூல்கள் காணாமல் போய், இறால் நன்றாகத் தின்றது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்திலும் வாங்கினார்கள்.

இறாலைப் பிடிப்பதற்கு முன் எம்பெடா (கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) ஆய்வகத்துக்கு மாதிரி போனது. தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக் வகையான நைட்ரோபியூரானின் எச்சம் இருப்பதாக முடிவு வந்தது. மிச்சமிருந்த பொடியையும் வெளியே சோதிக்கக் கொடுத்தோம். ஃபியூரசோலிடோன், அதே நைட்ரோபியூரான் வகை மருந்து! அதுவும் மஞ்சள் நிறத் தூள்தான், மஞ்சளோடு கலந்தால் யார் கண்டுபிடிப்பது?

ஏற்றுமதிக் கம்பெனி அன்றே கையை விரித்துவிட்டது. அவர்களைச் சொல்லியும் பயனில்லை. இந்திய வளர்ப்பு இறால் சரக்கில் 10 சதவீதத்தைச் சோதித்துவந்த ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் அதை 50 ஆக்கியதே இந்த மாதிரி எச்சங்களால்தான்.

வியாபாரியைப் போனில் பிடித்தால், குஞ்சு பொரிப்பகத்தின் மேல் பழி போட்டார். “பதினஞ்சு நாள் விட்டுப் பிடிங்க, போயிடும்” என்று யோசனை வேறு. போகாது. நைட்ரோபியூரானின் எச்சம் தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும்.

மூலிகையைக் குறை சொல்லவில்லை. பூண்டும் மஞ்சளும் தீவனத்தில் சேர்த்தால் எதிர்ப்புச் சக்தி கூடுவதாக ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அது நோய் வருமுன்பே தொடர்ந்து கொடுத்தால், மெதுவாகத்தான் வேலை செய்யும். வெள்ளைக் கழிச்சலோடு தொடர்புள்ள ஈஎச்பி என்ற ஒட்டுண்ணி வந்துவிட்ட குளத்தைக் குணமாக்க இலையும் இல்லை, வேரும் இல்லை. நின்றுபோன தீனியை ஓரிரு நாளில் திருப்பும் ‘மூலிகை’ என்றால், அந்த வேகமே சந்தேகத்துக்குப் போதும்.

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம், ஆன்டிபயாடிக் இல்லாத இடுபொருட்களுக்குப் பதிவுச் சான்று தருகிறது. அந்த எண் டப்பாவில் இருக்கிறதா, ஆணையத்தின் பட்டியலில் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் எதையும் இறக்காதீர்கள். பொடி வாங்கினால் ஒரு கைப்பிடியை டப்பாவோடு எடுத்துவையுங்கள், எங்களிடம் கடைசியில் ஆதாரமாக இருந்தது அது ஒன்றுதான்.

அந்த ஆள் இப்போது டப்பாவின் பெயரை மாற்றிக்கொண்டு, திருத்துறைப்பூண்டி பக்கம் கெண்டை வளர்ப்பவர்களிடம் போகிறாராம்.