உப்புக் காற்றில் ஆட்டோ லாக்: நான்கு வருடப் பயன்பாடு

நாலு மோட்டார், ஒரு கண்ட்ரோல் யூனிட், இரண்டு ரிமோட் கொண்ட சென்ட்ரல் லாக் கிட் இது. பழைய காரில் மாட்டி, வேகம் ஏறியதும் கதவுகள் தானாகப் பூட்டும்படி அமைத்தது. ஓட்டம் ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம், அவ்வப்போது தனுஷ்கோடி. வசதியில் குறை இல்லை. ஆனால் இந்தக் கரையில் பூட்டு எத்தனை நாள் உழைக்கும் என்பது கதவுக்குள் அதை மாட்டும் விதத்தில்தான் இருக்கிறது.

டிரைவர் கதவில் ஐந்து வயர் மோட்டார், மற்ற மூன்றிலும் இரண்டு வயர் மோட்டார். மோட்டாரின் கம்பி, பூட்டுக் கம்பியோடு ஒரே நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் பாதி இழுத்து நின்றுவிடும். கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார்த்த பிறகே துளை போடுங்கள். ஸ்குரூ எவர்சில்வரில் இருக்கட்டும். கண்ணாடி வழியே கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். வயர் சாக்கெட்டுக்குக் கீழே வளைந்து தொங்கினால் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். டோர் பேடுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே மூடும் கடைகள் உண்டு. பக்கத்திலேயே நின்று திரும்ப ஒட்டச் சொல்லுங்கள்.

பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக லைன். எர்த் போல்ட்டில் பெயின்டைச் சுரண்டி இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். நாலு கதவும் சோம்பலாகப் பூட்டினால் முதலில் எர்த்தைப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் வேலை செய்யாவிட்டால், கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் வயர் அறுந்திருக்கலாம். ஓடும்போதே டக் டக்கென்று பூட்டித் திறந்தால் டிரைவர் மோட்டாருக்குள் இருக்கும் சுவிட்சில் உப்பு ஏறி, பச்சை பூத்திருக்கும். அதன் சாக்கெட்டைக் கழற்றுங்கள். மற்ற மூன்றும் ரிமோட்டுக்கு ஒழுங்காக வேலை செய்தால் அந்த ஒரு மோட்டாரை மாற்றினால் போதும். யூனிட்டை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வேகத்துக்கான சிக்னல் ஸ்பீடு சென்சார் வயரில் கிடைக்கும். ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடும் பழைய வண்டியில் அது இல்லை. அதற்கு, சாவி போட்டு பிரேக்கை மிதித்ததும் பூட்டும் யூனிட் வாங்க வேண்டும். கதவு சுவிட்ச் வயரையும் கட்டாயம் இணைக்கவும். அது இல்லாவிட்டால் கதவு திறந்திருப்பது யூனிட்டுக்குத் தெரியாது. தனுஷ்கோடிக் கோடியில் உள்ள அரிச்சல்முனையில் ஏசியை ஓடவிட்டு இறங்குகிறவர்கள், சாவி உள்ளே இருக்க வெளியே மாட்டுவது இதனால்தான்.

ஏர்பேக் உள்ள பல வண்டிகளில் மோதினால் பூட்டு தானாக விடும். இந்தக் கிட்டில் அது கிடையாது. பின்சீட்டில் உட்காரும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கதவின் பூட்டுக் குமிழைக் கையால் இழுத்துத் திறக்கக் காட்டிக் கொடுங்கள்.

கச்சான் எனும் மேலைக்காற்று வீசும் மாதங்களில் கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மணல் அடைத்துவிடும். மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள். பூட்டின் கொக்கிக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ், சாவித் துளைக்கு கிராஃபைட் தூள் மட்டும். மாதம் ஒருமுறை ரிமோட்டை விட்டுவிட்டுச் சாவியாலேயே திறந்து பூட்டுங்கள். அந்தத் துளை இறுகிப்போனால், ரிமோட் பேட்டரி தீர்ந்த அன்று கதவைத் திறக்க வழி இருக்காது.